சொந்தமா கட்டின வண்டி: இடது வளைவுல மூக்கு தள்ளுது, வலது வளைவுல வால் வீசுது

#1 வெல்டிங்பொறி

வணக்கம். ரொம்ப நாளா படிக்கிறதோட நிறுத்திக்கிட்டவன். இப்ப வேற வழியில்லாம எழுத வந்திருக்கேன்.

மூணு வருஷம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஒரு வண்டி கட்டினேன். 1957-ல வந்த லோட்டஸ் செவன் பாணி. சதுரக் குழாயில சேஸி, முன்னால ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலயும் கீழயும் ரெட்டை விஷ்போன் (V வடிவ ஆர்ம்), பின்னால லைவ் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற ஒரே கெட்டி அச்சு), அதை முன்பின் நகராமப் பிடிக்க நாலு டிரெயிலிங் ஆர்ம், பக்கவாட்டுல நகராமப் பிடிக்க ஒரு பேனார்ட் ராட். நாலு மூலையிலும் காயில்ஓவர் (ஷாக்கைச் சுத்தி ஸ்பிரிங்). ஸ்டியரிங் ரேக் முன் சக்கர அச்சுக்கு முன்னாடி. 13 அங்குல ரிம். டிரைவர் சீட் வலது பக்கம்.

ஸ்டார்ட் ஆச்சு, நகர்ந்துச்சு, பிரேக் பிடிச்சுது. அதுவரைக்கும் சந்தோஷம். வேகம் நாற்பதைத் தாண்டினதும் அது போச்சு.

இடது சக்கரம் ஒரு மேட்டுல ஏறினா ஸ்டியரிங் தானா இடது பக்கம் வெட்டுது. வலது சக்கரம் ஏறினா வலது பக்கம். பிரேக்கை அழுத்தி மூக்கு குனிஞ்சா நேரா நிக்காம அலையுது. வளைஞ்சு முடிச்சு கையைத் தளர்த்தினா ஸ்டியரிங் திரும்பி வராது, நான்தான் இழுத்துக் கொண்டு வரணும். நேர் ரோட்டுல விட்டா மெல்ல இடது பக்கம் போகுது. பின்பக்கம் சின்னக் குழிக்கே தவளை மாதிரி தாவுது. எல்லாத்தையும் விடக் குழப்பறது தலைப்புல இருக்கிறது: இடது வளைவுல எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளியே தள்ளிக்கிட்டே போகுது, அதே வேகத்துல வலது வளைவுல பின்பக்கம் வீசுது. ஒரே வண்டி எப்படி ரெண்டு வண்டியா நடந்துக்கும்?

ஸ்பிரிங் முன்னால அங்குலத்துக்கு 350 பவுண்ட், பின்னால 250. எஞ்சின் முன்னால இருக்கிறதால முன்பக்கம் கெட்டியா இருக்கட்டும்னு அப்படிப் போட்டேன். ஷாக்ல கெட்டித்தனத்தை மாத்த 12 கிளிக் இருக்கு, எல்லாம் 10-ல இருக்கு. டயர்ல 30 பி.எஸ்.ஐ. காத்து. ஒரு அலைன்மென்ட் கடைக்கும் கொண்டுபோனேன். திரையில எல்லாத்தையும் பச்சையா காட்டி அனுப்பிட்டாங்க. வண்டி போன மாதிரியே திரும்பி வந்துச்சு.

முன்னால ஒரு ஆன்டி-ரோல் பார் (வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கற கம்பி) செஞ்சு போடலாம்னு குழாய் வரைக்கும் வாங்கி வெச்சுட்டேன். எவ்வளவு தடிமன் சரியா இருக்கும்?

#2 விற்றுவிடு

எந்தத் தடிமன் போட்டாலும் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்குலதான் எடுப்பார். இப்பவே கூப்பிட்டுடுங்க.

#3 நாற்பதுவருஷஸ்பானர்

மேல உள்ளவரை விடுங்க தம்பி, அவர் எல்லா இழையிலும் இதேதான் எழுதுவார்.

பாரை ஓரமா வைங்க. முதல்ல வண்டியில ஆட்டம் இருக்கான்னு பாருங்க. முன்பக்கத்தைத் தூக்கிட்டு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. பிளே தெரிஞ்சா பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். அப்படியே ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயிண்டோ புஷ்ஷோ. அப்புறம் இடதும் வலதுமா பிடிச்சு ஆட்டுங்க. அங்க தெரியற பிளே பெரும்பாலும் டை ராட் (ரேக்குல இருந்து சக்கரத்துக்குப் போற கம்பி), ரேக்.

அடுத்தது, விஷ்போன் புஷ் போல்ட்டையெல்லாம் எப்ப இறுக்கினீங்க? வண்டி ஸ்டாண்டுல தொங்கறப்பவா, தரையில நிக்கறப்பவா? ரப்பர் புஷ்ஷா இருந்தா இந்தப் பதில் முக்கியம்.

காத்தைக் குறைங்க. 30 பி.எஸ்.ஐ. ஆயிரம் கிலோ காருக்கு. உங்களது அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டும். 18-ல இருந்து 20 போதும்.

#4 வெல்டிங்பொறி

சார், புஷ் ரப்பர்தான். எல்லாத்தையும் ஸ்டாண்டுல நிறுத்தித்தான் இறுக்கினேன். கீழ குனிஞ்சு ஸ்பானர் போட வசதியா இருந்துச்சு. தப்பா?

30 பி.எஸ்.ஐ. எங்க இருந்து வந்ததுன்னு யோசிச்சேன். எஞ்சின், ஆக்சில் எல்லாம் எடுத்த பழைய காரோட கதவு ஸ்டிக்கர்ல இருந்த எண் அது. சிரிக்காதீங்க.

#5 நாற்பதுவருஷஸ்பானர்

தப்புதான், ஆனா பாதிப் பேர் செய்யறதுதான். ரப்பர் புஷ் வழுக்கிச் சுத்தாது. உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோட ஒட்டியிருக்கும், நடுவுல ரப்பர்தான் முறுக்கிக்கும். சக்கரம் தொங்கறப்ப இறுக்கினா, தரையில இறக்கினதும் ஒவ்வொரு புஷ்ஷும் துணி பிழிஞ்ச மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கும். நீங்க போட்ட ஸ்பிரிங்கோட இன்னொரு கணக்குல வராத ஸ்பிரிங் சேர்ந்துக்கும். நாலு மூலையிலும் அது ஒரே அளவு முறுக்காது.

எல்லாத்தையும் லூஸ் பண்ணி, வண்டியைத் தரையில விட்டு, மேல உட்கார்ந்து பத்து தடவை அழுத்துங்க. முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்க. அப்புறம் படுத்துக்கிட்டே இறுக்குங்க. முதுகு வலிக்கும்.

#6 கணக்குப்பிள்ளை

புஷ்களைத் தளர்த்துவதற்கு முன் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். பின்னால் ஒப்பிட உதவும். இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரு வண்டி வேறு வேறாக நடந்தால் நான் முதலில் கேட்பது நான்கு சக்கரங்களின் தனித்தனி எடையைத்தான்.

டயர்க் காற்றை சமமாக்குங்கள். வழக்கமாக நிரப்பும் அளவு பெட்ரோல் இருக்கட்டும். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். நீங்களே உட்கார்ந்துகொண்டு குனிந்து மெஷினைப் படித்தால் எண் மாறும். தரை மட்டம் மிக முக்கியம். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும், லேசர் வேண்டாம். நான்கு சக்கரமும் நிற்கும் இடம் ஒரு மி.மீ.க்குள் ஒரே மட்டத்தில் வரும்வரை தகடு கொடுங்கள். உங்களது போன்ற கெட்டி ஸ்பிரிங் வண்டியில் ஒரு சக்கரத்தின் அடியில் சில மி.மீ. உயர்ந்தாலே எடை கிலோக்கணக்கில் இடம் மாறிவிடும்.

#7 சும்மாபார்வையாளர்

குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். நாலு சக்கரத்துக்கும் எடை போடற மெஷினுக்கு எங்க போறது? அது ரேஸ் டீம் வெச்சிருக்கிற சாமான் இல்லையா?

#8 கணக்குப்பிள்ளை

வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் இரண்டு இருந்தால் போதும். ஒரு சக்கரத்தின் எடை ஒரு மெஷினின் அளவைத் தாண்டினால் இரண்டு மெஷின் மேல் கனமான பலகையைப் போட்டு, பலகையின் மேல் சக்கரத்தை ஏற்றி, இரண்டு எண்களையும் கூட்டுங்கள். பலகையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். மற்ற மூன்று சக்கரங்களின் அடியில் மெஷினும் பலகையும் சேர்ந்த அதே உயரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மூலையாக மாற்றி மாற்றி அளப்பது எரிச்சலான வேலை. ஆனால் எண் சரியாக வரும்.

#9 வெல்டிங்பொறி

நாலு நாள் ஆச்சு. முதல்ல ஆட்டம்: இடது டை ராட் லாக் நட் லூஸ். மத்ததெல்லாம் கெட்டி.

எடை, மணல் மூட்டையோட:
முன் இடது 132, முன் வலது 170
பின் இடது 183, பின் வலது 155
மொத்தம் 640 கிலோ.

மூணு தடவை போட்டேன், ரெண்டு மூணு கிலோவுக்கு மேல மாறல. முன்னால ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல 38 கிலோ வித்தியாசம்! டிரைவர் வலது பக்கம்னு வெச்சாலும் பின்னால இடது பக்கம்தானே கனமா இருக்கு? மெஷின் கெட்டுப்போச்சோன்னு இடம் மாத்தியும் பார்த்துட்டேன்.

#10 கணக்குப்பிள்ளை

மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. மூலைவிட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 353 கிலோ, மொத்தத்தில் 55 சதவீதத்துக்குச் சற்று மேல். இன்னொரு மூலைவிட்டத்தில் 287 மட்டுமே. ஆடும் நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால் ஊன்றியிருக்கும், இரண்டு கால் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். உங்கள் வண்டி அப்படி நிற்கிறது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. இடது வளைவில் பாரம் வலது பக்கச் சக்கரங்களுக்குப் போகும். ஏற்கெனவே கனமாக அமுங்கியிருக்கும் முன் வலது சக்கரம் தன் பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும். டயரின் பிடி, மேலே ஏறும் பாரத்துக்கு நிகராக ஏறாது. பாரம் இரண்டு முன் சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிந்தால் கிடைக்கும் பிடியைவிட, ஒன்றின் மேலேயே குவிந்தால் கிடைக்கும் பிடி குறைவு. அதனால் மூக்கு தள்ளுகிறது. வலது வளைவில் அதே கதை பின் இடது சக்கரத்தில் நடக்கிறது. அதனால் வால் வீசுகிறது.

இப்போது முன்னால் ஆன்டி-ரோல் பார் போட்டால் இடது வளைவில் மூக்கு இன்னும் தள்ளும். குழாயை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

#11 கோன்அடிச்சவன்

எடைக் கணக்கு சரி. ஆனா ஸ்பிரிங்கை யாரும் தொடவே இல்லையே? முன்னால 350, பின்னால 250-ன்னு சொல்றீங்க. அது ஸ்பிரிங்ல எழுதியிருக்கிற எண். சக்கரத்துல என்ன வருதுன்னு பார்த்தீங்களா ப்ரோ? முன்னால ஷாக் விஷ்போனோட நடுவுல மாட்டியிருக்கும், சக்கரம் 10 மி.மீ. ஏறினா ஷாக் ஆறு ஏழு மி.மீ.தான் அமுங்கும். பின்னால ஷாக் ஆக்சில் மேலயே உட்கார்ந்திருக்கு, கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. அந்த விகிதத்தை ரெண்டு தடவை பெருக்கணும். உங்க பின்பக்கம்தான் உண்மையில கெட்டி. வலது வளைவுல வால் வீசறது அதனாலதான்னு நான் சொல்வேன்.

நானும் கோன் நடுவுல ஓட்டற வண்டிக்கு இதே தப்பைப் பண்ணினவன்தான்.

#12 வெல்டிங்பொறி

அளந்தேன். ஸ்பிரிங்கைக் கழட்டி, ஷாக்கை மட்டும் மாட்டி, சக்கரத்தை ஜாக்கில 20 மி.மீ. ஏத்தினேன். முன்னால ஷாக் 13 மி.மீ. அமுங்குது, விகிதம் 0.65. பின்னால 19 மி.மீ., அதாவது 0.95. கணக்கு தெரிஞ்சவங்க மேல சொல்லுங்க.

#13 கணக்குப்பிள்ளை

முன்: 350 பவுண்ட் என்பது மில்லிமீட்டருக்கு 61.3 நியூட்டன். 0.65-ஐ இருமுறை பெருக்கினால் 0.4225. சக்கரத்தில் சுமார் 26. பின்: 250 பவுண்ட் என்பது 43.8. 0.95-ஐ இருமுறை பெருக்கினால் 0.9025. சக்கரத்தில் 39.5. ஆக, மேலும் கீழும் அசைவதில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கெட்டி. இதுவரை கோன்அடிச்சவன் சொன்னது சரி.

சக்கரம், ஆக்சில் எடையைக் கழித்து, முன் மூலைக்கு 125 கிலோ, பின் மூலைக்கு 132 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். அதிர்வெண், அதாவது வண்டி ஸ்பிரிங் மேல் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, முன்னால் 2.3 ஹெர்ட்ஸ், பின்னால் 2.75. சாதாரண கார்கள் 1-லிருந்து 1.5-க்குள் இருக்கும். ரோட்டில் ஓடும் லேசான ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு 2 பக்கம் இருந்தால் தாங்கலாம். 2.75 என்பது வழுவழுப்பான ரேஸ் ட்ராக்குக்கு உரியது. தவளைத் தாவலுக்குக் காரணம் இதுதான்.

ஆனால் வால் வீசுவதற்கு இது காரணம் என்பதை நான் ஒப்பவில்லை. பின்னால் இருப்பது லைவ் ஆக்சில். வண்டி வளைவில் சாயும்போது ஸ்பிரிங்குகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கணக்கு, சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் அல்ல. அந்த இரண்டையும் அளந்து சொல்லுங்கள்.

#14 வெல்டிங்பொறி

ஸ்பிரிங்ல இருந்து ஸ்பிரிங் 900 மி.மீ. டயர் நடுவுல இருந்து டயர் நடு 1300.

#15 கணக்குப்பிள்ளை

900-ஐ 1300-ஆல் வகுத்து, வந்ததை இருமுறை பெருக்கினால் 0.48. சாயும்போது பின் சக்கரத்தில் உணரப்படும் கெட்டித்தன்மை 39.5-இல் பாதிகூட இல்லை, ஏறத்தாழ 19. முன்னால் 26. ஒரே வண்டி, குழியில் பின்பக்கம் கெட்டி, வளைவில் முன்பக்கம் கெட்டி. பின் ஸ்பிரிங்தான் வாலை வீசுகிறது என்றால் இடது வளைவிலும் வீசியிருக்க வேண்டும் அல்லவா?

#16 கோன்அடிச்சவன்

சரி, ஒத்துக்கறேன். என் வண்டி பின்னாலயும் தனித்தனி சஸ்பென்ஷன், அதே கண்ணோட இதையும் பார்த்துட்டேன். ஆனா ஸ்பிரிங் மாத்தணும்ங்கறதுல மாற்றமில்லையே? முன்னால 275, பின்னால 150 போடச் சொல்வேன்.

#17 கணக்குப்பிள்ளை

நல்ல தேர்வு. முன் 2.03, பின் 2.13 ஹெர்ட்ஸ் வருகிறது. பின்பக்கம் சற்றே வேகமாக அசைய வேண்டும் என்பது மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் கெடிலாக் கார் நிறுவனத்தில் வேலை செய்தபோது நிறுவியது. மேட்டை முதலில் முன் சக்கரம் சந்திக்கிறது, பின் சக்கரம் தாமதமாகச் சந்திக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் அந்தத் தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் வண்டி தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடும்.

2 ஹெர்ட்ஸ் என்றால் வண்டி தன் எடையில் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் அமுங்கும். புதிய ஸ்பிரிங்கின் நீளம் அதற்குப் போதுமா, முழுக்க அமுங்குவதற்குள் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பர் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

#18 விற்றுவிடு

இவ்வளவு அளக்கற நேரத்துல வேற நல்ல அலைன்மென்ட் கடையில விட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்.

#19 நாற்பதுவருஷஸ்பானர்

கடையை நானே நடத்தினவன், சொல்றேன். அந்த மெஷின் வண்டி நிக்கற ஒரே ஒரு உயரத்துல டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு), கேம்பர் (முன்னால இருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கற அளவு), காஸ்டர் காட்டும். சக்கரம் 40 மி.மீ. ஏறினா டோ என்ன ஆகும்னு அது சொல்லாது. கம்பெனி வண்டிக்கு அது தேவையும் இல்ல, கம்பெனிக்காரன் டிசைன்லயே பார்த்திருப்பான். வீட்டுல கட்டின வண்டிக்கு யார் பார்த்தா? அதுவும் 640 கிலோ வண்டியில டிரைவர் சீட்டைக் காலியா விட்டு அலைன்மென்ட் பண்ணினா அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்?

தம்பி, ஸ்பிரிங் வர்றதுக்குள்ள காஸ்டரையும் பம்ப் ஸ்டியரையும் (சக்கரம் மேல கீழ போறப்ப தானா திரும்பறது) பாருங்க. மேட்டுல ஸ்டியரிங் வெட்டறது, பிரேக்ல அலையறது ரெண்டும் பம்ப் ஸ்டியர் வாசனை. ஸ்டியரிங் திரும்பி வராதது காஸ்டர். காஸ்டரை முதல்ல சரி பண்ணுங்க, அதைத் தொட்டா பம்ப் ஸ்டியர் மாறும்.

#20 சும்மாபார்வையாளர்

காஸ்டர்னா என்னன்னு ஒரு வரியில யாராவது?

#21 நாற்பதுவருஷஸ்பானர்

சைக்கிளைப் பக்கவாட்டுல பாருங்க. முன் ஃபோர்க் நேர் செங்குத்தா இல்லாம பின்னால சாஞ்சிருக்கும். கையை விட்டாலும் நேராப் போறதுக்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். கார்ல மேல் பால் ஜாயிண்ட் கீழ் பால் ஜாயிண்ட்டை விடப் பின்னால இருந்தா அதே சாய்வு.

#22 வெல்டிங்பொறி

காஸ்டர் அளந்துட்டேன். சக்கரத்தை வெளிப்பக்கம் 20 டிகிரி திருப்பி ஒரு கேம்பர், உள்பக்கம் 20 டிகிரி திருப்பி ஒரு கேம்பர், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றரையால பெருக்கினேன். இடது 2.25 டிகிரி, வலது 3.75. திரும்பி வராததுக்கும் இடது பக்கம் இழுக்கறதுக்கும் ஒரே இடத்துல பதில் கிடைச்ச மாதிரி இருக்கு. காஸ்டர் குறைஞ்ச பக்கம்தானே இழுக்கும்?

ரெண்டு பால் ஜாயிண்ட்டுக்கும் நடுவுல உயரம் 240 மி.மீ. அப்படின்னா மேல் ஜாயிண்ட் 4.2 மி.மீ. பின்னால போனா ஒரு டிகிரி. மேல் விஷ்போன் பிராக்கெட்ல வாஷர் போட இடம் விட்டிருந்தேன். பின்னாடி இருந்த வாஷரை எடுத்து முன்னாடி மாத்தி, இடது பக்கம் 11 மி.மீ., வலது பக்கம் 5 மி.மீ. பின்னால தள்ளினேன். இப்ப ரெண்டும் 5 டிகிரியை ஒட்டி நிக்குது. இன்னும் ஓட்டிப் பார்க்கல.

நல்லவேளையா அதுக்கு முன்னாடியே ஒரு தடவை பம்ப் ஸ்டியரையும் அளந்து வெச்சிருந்தேன். ஸ்பிரிங் இல்லாம, ரேக்கை நடுவுல பூட்டிட்டு, ஹப்ல 330 மி.மீ. நீள அலுமினியப் பட்டையை போல்ட் பண்ணி, அதோட முன் முனைக்கும் பின் முனைக்கும் தரையில நட்ட ஸ்டாண்டுல இருந்து தூரம் எடுத்தேன். 10 மி.மீ.க்கு ஒரு தடவை. 40 மி.மீ. ஏறினப்ப இடது சக்கரம் 7 மி.மீ. டோ-அவுட் (முன் ஓரம் வெளிய திரும்பறது), வலது 6. இறங்கினப்ப கிட்டத்தட்ட அதே அளவு டோ-இன். காஸ்டர் மாத்தினதுக்கு அப்புறம் அளந்தா ரெண்டு பக்கமும் 5! ரேக்கைத் தொடவே இல்ல. எப்படிக் குறைஞ்சுது?

#23 கணக்குப்பிள்ளை

மேல் ஜாயிண்ட் பின்னால் சாய்ந்தால் அப்ரைட் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு) முழுவதும் சுழல்கிறது. உங்கள் ஸ்டியரிங் ஆர்ம் ஆக்சிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் முனை மேலே எழும்பும். டை ராட்டின் வெளி முனையும் அதோடு உயர்ந்தது. அதனால்தான் காஸ்டரை முதலில் செய்யச் சொன்னார்.

அளந்ததைக் கட்டத் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஏறும்போது ஒரு திசை, இறங்கும்போது எதிர்த் திசை, கோடு நேராகச் சாய்ந்திருந்தால் டை ராட்டின் உயரம் தப்பு. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே திசையில் போய் வில்லாக வளைந்தால் டை ராட்டின் நீளம் தப்பு, அதாவது ரேக்கின் அகலம் விஷ்போனோடு பொருந்தவில்லை. உயரத் தப்பைச் சரிசெய்வது எளிது. நீளத் தப்பு என்றால் ரேக்கையே மாற்றும் வேலை. உங்களுடையது நேர்க்கோடு, பிழைத்தீர்கள்.

ஸ்டியரிங் ஆர்ம் நீளமும் டை ராட் நீளமும் வேண்டும்.

#24 வெல்டிங்பொறி

ஆர்ம் 110, டை ராட் 300.

#25 கணக்குப்பிள்ளை

330 மி.மீ. பட்டையில் 5 மி.மீ. என்றால் 110 மி.மீ. ஆர்மின் முனையில் 1.67 மி.மீ. அது 40 மி.மீ. ஏற்றத்தில் நடக்கிறது. 300 மி.மீ. டை ராட்டுக்கு அந்தச் சாய்வைப் பெருக்கினால் 12.5. முன்பக்கம் ரேக் உள்ள வண்டியில் ஏறும்போது டோ-அவுட் போனால், ரேக் உயரமாக இருக்கிறது என்று பொருள். உங்கள் ரேக் 12 மி.மீ. கீழே வர வேண்டும்.

#26 வெல்டிங்பொறி

இதைப் படிச்சதும் ஷெட்டுக்குப் போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரேக்குக்கு அடியில ரெண்டு அலுமினியக் கட்டை இருக்கு. நானே அறுத்து, நானே ஓட்டை போட்டு, மூலையெல்லாம் அழகா ஃபைல் பண்ணி வெச்சது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங்ல இருந்து ரேக்குக்கு வர்ற தண்டு) ஜாயிண்ட் ஒரு சேஸிக் குழாயில உரசுதுன்னு ரேக்கைத் தூக்கி வெச்சேன். சுத்தமா மறந்துட்டேன்.

காலிப்பர் வெச்சு அளந்தேன். 12 மி.மீ.

#27 விற்றுவிடு

இதுக்குத்தான் நான் இந்த இழையைப் பின்தொடர்ந்தேன்.

#28 கோன்அடிச்சவன்

கட்டையை எடுத்தா ஜாயிண்ட் திரும்ப உரசுமே? ரேக்கை அங்கேயே விட்டுட்டு, டை ராட் முனையில ரோஸ் ஜாயிண்ட் (உள்ள பந்து வெச்ச முனை) போட்டு, ஸ்டியரிங் ஆர்ம் மேல ஸ்பேசர் வெச்சு 12 மி.மீ. தூக்கினாலும் அதே கணக்குதானே? பல பேர் அப்படித்தான் பண்றாங்க.

#29 நாற்பதுவருஷஸ்பானர்

கணக்கு அதேதான், போல்ட்டுக்கு அதே இல்ல. ஒரு பக்கம் மட்டும் பிடிச்ச போல்ட் மேல 12 மி.மீ. ஸ்பேசர் வெச்சா அது வளையப் பார்க்கும். ஸ்டியரிங்ல உடையற போல்ட்டுக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. செய்யறவங்க கூம்பு போல்ட், நல்ல ஸ்டீல், ஜாயிண்ட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய வாஷர் எல்லாம் போட்டுச் செய்வாங்க. பந்து கழண்டாலும் வாஷர் பிடிச்சுக்கும். ஆனா இவருக்குக் கட்டையை எடுக்கற வழி கையில இருக்கறப்ப அது எதுக்கு? ஸ்டியரிங் காலத்தோட பேரிங்கை நகர்த்துங்க தம்பி. சேஸிக் குழாயை மட்டும் அறுக்காதீங்க.

காலத்துல ரெண்டு ஜாயிண்ட் இருந்தா, நடுத் தண்டுல ரெண்டு கவையும் ஒரே தளத்துல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஸ்டியரிங் ஒரு இடத்துல லேசாவும் ஒரு இடத்துல கனமாவும் சுத்தும்.

#30 வெல்டிங்பொறி

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்.

கட்டையை எடுத்தாச்சு. காலம் பேரிங்கை 8 மி.மீ. பக்கவாட்டுல தள்ளினேன், ஜாயிண்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல விரல் போகற இடம் இருக்கு. கவை ரெண்டும் ஒரே தளத்துலதான் இருந்துச்சு. பம்ப் ஸ்டியர் இப்ப மேலயும் கீழயும் 40 மி.மீ. வரைக்கும் அரை மி.மீ.க்குள்ள.

புஷ் எல்லாம் லூஸ் பண்ணப்ப 'டக்'குனு ஒரு சத்தம், வண்டி முன் இடது பக்கம் ஒரு மூச்சு விட்ட மாதிரி அசைஞ்சுது. திரும்ப எடை போட்டேன். எதையும் திருகாமலே 353 இருந்த மூலைவிட்டம் 339 ஆயிடுச்சு. 14 கிலோ ரப்பர்லயே ஒளிஞ்சிருந்திருக்கு.

புது ஸ்பிரிங் போட்டு, மிச்சத்தை ஸ்பிரிங் தட்டைத் திருகிச் சரி பண்ணினேன். முன் இடதும் பின் வலதும் கொஞ்சம் ஏத்தி, மத்த ரெண்டையும் அதே அளவு இறக்கினேன். இப்ப:
முன் இடது 148, முன் வலது 154
பின் இடது 167, பின் வலது 171
மூலைவிட்டம் 321-க்கு 319.

முன்பக்க மொத்தமும் இடது பக்க மொத்தமும் மட்டும் அப்படியே இருக்கு, எவ்வளவு திருகினாலும் மாறல. பேட்டரியைப் பின்னால கொண்டுபோனாத்தான் மாறும் போல.

கடைசியா டோ. ரெண்டு பக்கமும் மீன்பிடி நரம்பு கட்டி அளந்தேன். முன் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற தூரமும் பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற தூரமும் வேற வேற, அதனால நரம்பை டயரைத் தொட்டுக் கட்டாம ஹப் நடுவுல இருந்து சமமா வர்ற மாதிரி வெச்சேன். முன்னால மொத்தம் 1 மி.மீ. டோ-இன்.

#31 கோன்அடிச்சவன்

ஷாக் கிளிக்? இன்னும் 10-லயே இருந்தா புது ஸ்பிரிங்குக்கு அது ரொம்ப அதிகம். ரீபவுண்ட் (அமுங்கின ஸ்பிரிங் எழும்பறதைத் தடுக்கற கெட்டித்தனம்) அதிகமானா ஒரு குழியில அமுங்கின ஸ்பிரிங் முழுசா எழும்பறதுக்குள்ள அடுத்த குழி வந்துடும். வரிசையா நாலு குழி வந்தா வண்டி படிப்படியா கீழ இறங்கி பம்ப் ஸ்டாப்ல உட்கார்ந்துக்கும். நீங்க ஸ்பிரிங் கெட்டின்னு நினைச்சுக்குவீங்க. ஜீரோவுல ஆரம்பிச்சு, பின்பக்கம் மிதக்கறது நிக்கற வரைக்கும் ஒவ்வொரு கிளிக்கா ஏத்துங்க.

டயர் மேல சுண்ணாம்புக்கட்டியில குறுக்கே ஒரு கோடு போட்டுட்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்க. நடுவுல மட்டும் கோடு அழிஞ்சா காத்து அதிகம், ஓரம் மட்டும் அழிஞ்சா கம்மி.

#32 வெல்டிங்பொறி

முன்னால 4 கிளிக், பின்னால 3. சுண்ணாம்புக் கோடு 20 பி.எஸ்.ஐ.ல நடுவுல முதல்ல அழிஞ்சுது, 18-ல முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி போச்சு.

நேத்து விடியற்காலை காலி இடத்துல ஒரே வட்டத்தை இடமா பத்து சுத்து, வலமா பத்து சுத்து போட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே வண்டி! எல்லையில மூக்குதான் கொஞ்சம் முதல்ல தள்ளுது, ஆக்சிலரேட்டரை லேசா விட்டா உள்ள வந்துடுது. மேட்டுல ஸ்டியரிங் கையில சும்மா கிடக்குது. வளைவு முடிஞ்சதும் அதுவாவே வழுக்கிக்கிட்டு நேராகுது, அதைப் பார்க்கவே நாலு தடவை திரும்பினேன்.

ஒண்ணே ஒண்ணு மிச்சம். நேர் ரோட்டுல கையை விட்டா இன்னும் ரொம்ப மெதுவா இடது பக்கம் போகுது. காஸ்டர் ரெண்டு பக்கமும் சமம், கேம்பரும் ரெண்டு பக்கமும் மைனஸ் ஒன்றரை. பிரேக் உரசல. பேனார்ட் ராட் மட்டமாத்தான் இருக்கு. திரும்பவும் விஷ்போனைக் கழட்டணுமா?

#33 நாற்பதுவருஷஸ்பானர்

எதையும் கழட்டாதீங்க. முன் சக்கரம் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டிட்டு வாங்க.

#34 வெல்டிங்பொறி

மாத்தினேன். இப்ப வலது பக்கம் போகுது.

#35 நாற்பதுவருஷஸ்பானர்

டயர்தான் இழுக்குது. முன்னால இருக்கற ரெண்டையும் பின்னால போடுங்க.